லிங்கன்ஷயர் பண்ணையில் முயல் வேட்டை: .177 நல்லதா, .22 நல்லதா? எந்த பெல்லட் வாங்குவது?

பட்டர்வொர்த்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் பெரியப்பா மகன் இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு முட்டைக்கோஸ் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அடுத்த வருடம் வசந்த காலத்தில் நான் அங்கே போய் சில மாதம் தங்கி வேலையில் ஒத்தாசை செய்யப் போகிறேன். அங்கே பெரிய தொல்லை முயல்தான். நாற்று நட்ட வரப்போரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வரிசை வரிசையாகக் கடித்துப் போட்டுவிடுகிறதாம். காட்டுப்புறாவும் உண்டு. பண்ணை முதலாளி ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் ஈய ரவையைத் தள்ளும் துப்பாக்கி) வைத்துச் சுட அனுமதி கொடுத்திருக்கிறார், எழுத்திலேயே. அண்ணன் தன் பெயரில் ஒரு துப்பாக்கி வாங்கி வைப்பதாகவும், எது வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறார்.

இங்கே பினாங்கில் இருந்துகொண்டு இணையத்தில் படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. காலிபர், அதாவது குழல் விட்டம் (அங்குலக் கணக்கில்), .177 இருந்தால்தான் நேராகப் போகும் என்கிறார் ஒருவர், முயலுக்கு .22 இல்லாமல் போகவே கூடாது என்கிறார் இன்னொருவர், .25 என்று ஒரு கூட்டம் தனியாக இருக்கிறது. பெல்லட், அதாவது அந்த ஈய ரவை, பக்கம் போனால் இன்னும் மோசம். உருண்டைத் தலை, தட்டைத் தலை, கூர்முனை, குழித்தலை, அப்புறம் ஒவ்வொரு டப்பாவிலும் 4.51, 4.52 என்று ஏதோ எண் வேறு. நான் இதுவரை எதையும் வேட்டையாடியதில்லை. சுட்டால் அந்தப் பிராணி துடிக்காமல் அந்த இடத்திலேயே போக வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


செந்தூல் வாசி எழுதியது:

தம்பி, நான் யார்க்‌ஷயரில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதியெல்லாம் இதே வேலைதான், முயல், சாம்பல் அணில், களஞ்சியத்தில் எலி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். இங்கிலாந்தில் லைசன்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் சக்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, குழல் வாயில் 12 அடி-பவுண்டு (ரவையின் சக்தியை அளக்கும் அலகு). அதற்கு மேல் போனால் அது சட்டப்படி வேறு வகைத் துப்பாக்கி, அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். ஆகவே .177 ஆக இருந்தாலும் .22 ஆக இருந்தாலும் .25 ஆக இருந்தாலும் உன் கையில் இருக்கப் போகும் சக்தி ஒன்றேதான். அந்தச் சக்தியை லேசான ரவையை வேகமாகத் தள்ளுவதில் செலவு செய்கிறாயா, கனமான ரவையை மெதுவாகத் தள்ளுவதில் செலவு செய்கிறாயா என்பதுதான் கேள்வியே. அமெரிக்காக்காரர்கள் எழுதுவதைப் படித்துத்தான் பலர் குழம்புகிறார்கள், அவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது.

கணக்கு எளிது. பெல்லட் எடையை கிரெய்னில் (ரவை எடைக்கான சிறிய அலகு) எடுத்து, வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 450240 ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வந்துவிடும். கடையில் விற்கும் துப்பாக்கிகள் 11.5 பக்கம்தான் வைத்திருப்பார்கள். .177 இல் எல்லாரும் போடும் 8.44 கிரெய்ன் பெல்லட் அந்தச் சக்தியில் வினாடிக்கு ஏறக்குறைய 780 அடி போகும். .22 இல் வழக்கமான 15.89 கிரெய்ன் 570 அடிதான் போகும். 30 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் குழல் கோட்டிலிருந்து முதலாவது தோராயமாக 9 சென்டிமீட்டர் இறங்கும், இரண்டாவது 16 இறங்கும். ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியை) 30 மீட்டருக்குச் சரிசெய்து வைத்துவிட்டால் அந்த 30 இல் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முயல் நீ சரிசெய்து வைத்த தூரத்தில் வந்து உட்காராது. 36 மீட்டரில் இருப்பதை 30 என்று நினைத்துச் சுட்டால் .177 கொஞ்சம் தாழப் போகும், .22 தலையை விட்டுவிட்டுத் தாடையிலோ கழுத்திலோ பட்டுத் தொலைக்கும். அந்த முயல் வளைக்குள் ஓடிவிடும், வெளியே வராது, எத்தனை நாள் கிடந்து சாகும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு இதை நினைத்தாலே பொறுக்காது.

புதிதாகத் தொடங்குகிறவனுக்குத் தூரத்தைக் கண்ணால் கணிப்பதுதான் மிகக் கஷ்டமான வேலை. அதனால் உனக்கு நான் சொல்வது .177. இறகுக்கு .177, ரோமத்துக்கு .22 என்று அங்கே பழைய ஆட்கள் ஒரு வழக்காகச் சொல்வார்கள். ஸ்கோப் இல்லாமல் வேலியோரத்தில் பத்துப் பதினைந்து மீட்டரில் சுட்ட காலத்துப் பேச்சு அது. மூளையில் சரியாகப் பட்டால் .177 முயலை அப்படியே படுக்க வைத்துவிடும்.

.25 ஐ மறந்துவிடு. 12 அடி-பவுண்டில் 25 கிரெய்ன் பெல்லட் வினாடிக்கு 465 அடிக்கு மேல் போகாது. களஞ்சியத்துக்குள் எலிக்குச் சரி, திறந்த வயலில் முயலுக்கு வேண்டாம்.


பிரிக்பீல்ட்ஸ் மணி எழுதியது:

செந்தூல் அண்ணன் சொன்ன கணக்கில் எனக்குத் தகராறு இல்லை, முடிவில்தான் தகராறு.

தலையில் பட்டால் .177 போதும் என்பது உண்மை. பட வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளிப் பட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மெல்லிய .177 உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்து, சக்தியில் ஒரு பங்கைக் காற்றிலேயே கொண்டுபோய்விடும். .22 அகலமாகத் துளைக்கும், பெரும்பாலும் உள்ளேயே நிற்கும், சக்தி முழுக்க அந்த இடத்தில் இறங்கும். 30 மீட்டரில் இரண்டிலுமே 8, 9 அடி-பவுண்டுதான் மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தை எது முழுதாக உள்ளே இறக்குகிறது என்பது சின்ன விஷயமா?

அப்புறம் லிங்கன்ஷயர் கிழக்கில் கடலைப் பார்த்துத் தட்டையாகக் கிடக்கும் பூமி, காற்றுக்குத் தடுப்பே கிடையாது. காற்றடிக்கும் நாளில் .177 லேசாக ஒதுங்கும். கனமான .22 அதைவிடக் கொஞ்சம் நிதானமாகப் போகும்.

தூரக் கணிப்புதான் பிரச்சினை என்றால் அதற்கு மருந்து கையடக்க லேசர் தூரமானி, அல்லது அதுவும் வேண்டாம், பகலிலேயே போய் முயல் வரும் வரப்பில் 20, 25, 30 மீட்டர் அளந்து குச்சி நட்டுவிட்டு வா. வெளிச்சம் இறங்கும் நேரத்தில் முயல் அந்தக் குச்சிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்தால் போதும். 30 குச்சியைத் தாண்டி இருக்கும் முயலை விட்டுவிடு. நாளைக்கும் அது அங்கேதான் வரும்.

எனவே என் ஓட்டு .22, ஆனால் 30 மீட்டருக்குள் மட்டும்.


ஆயர் ஈத்தாம் தமிழ்ச்செல்வி எழுதியது:

நான் வேட்டைக்காரி இல்லை, கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவள். 2012 இல் லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி நின்று சுட்டாரே, அதே பிரிவு. ஆகவே பெல்லட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன், இதைத்தான் நாங்கள் நாளெல்லாம் நோண்டிக்கொண்டிருப்போம்.

தம்பி கேட்ட 4.51, 4.52 என்பது பெல்லட் தலையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். .177 என்றால் 4.5 மி.மீ., .22 என்றால் 5.5 மி.மீ. என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொரு குழலும் ஒரு நூலளவு வித்தியாசமாக இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்துச் செய்த இரண்டு துப்பாக்கி, ஒன்றுக்கு 4.51 பிடிக்கும், மற்றதுக்கு 4.52 பிடிக்கும். எந்த டப்பா நல்லது என்று இணையத்தில் யாரும் உனக்குச் சொல்ல முடியாது. குழல்தான் சொல்லும்.

பெல்லட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார். நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் பாவாடை மாதிரி விரிந்து, உள்ளே கூடாக இருக்கும். காற்று வந்து மோதும்போது அந்தப் பாவாடை விரிந்து குழலின் வரிப்பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றை அடைப்பதும் சுழற்சியைப் பிடிப்பதும் பெரும்பாலும் அதன் வேலை. ஈயம் மிருதுவானது, டப்பா ஒரு தடவை கீழே விழுந்தால் போதும், பாவாடைகள் நசுங்கிவிடும். நசுங்கிய பெல்லட் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. நான் சுடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி, விளிம்பைப் பார்த்து, பள்ளம் விழுந்ததை ஒதுக்கிவிடுவேன். காகிதத்தில் சுடுகிற எனக்கே இது வேண்டும் என்றால் உயிரைக் குறிபார்க்கிற உனக்கு எவ்வளவு வேண்டும்.

வடிவம் பற்றி. எங்கள் போட்டியில் போடுவது தட்டைத் தலை. காகிதத்தில் ஓரம் சுத்தமாக வெட்டிய வட்ட ஓட்டை விழும், புள்ளி கணக்கிட வசதி, அதற்காகத்தான் அந்த வடிவம். அதைக் கொண்டுபோய் 30 மீட்டரில் சுடாதே, காற்றில் வேகம் சீக்கிரம் குறையும், குறி சிதறும். கூர்முனை பார்க்கத்தான் பயங்கரம், அந்த முனையைச் சரியாக நடுவில் வார்ப்பது கடினம், குறியும் பெரும்பாலும் சுமார்தான். குழித்தலை உடம்புக்குள் விரியும் என்று டப்பாவில் படம் போட்டிருப்பார்கள், ஆனால் அண்ணன் சொன்ன அந்த 12 அடி-பவுண்டு வேகத்தில் தூரம் போகப் போக அது சொல்லும்படி விரிவதில்லை, கூடவே வேகத்தையும் குறியையும் இழக்கிறோம். வயலுக்கு உருண்டைத் தலை. அவ்வளவுதான்.

கண்டிப்பாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய டப்பாக்கள் என்றால் ஜேஎஸ்பி எக்ஸாக்ட், ஏர் ஆர்ம்ஸ் டயாபோலோ ஃபீல்டு, எச் அண்ட் என் ஃபீல்டு டார்கெட் டிராஃபி, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம். பல வகை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட மாதிரிப் பெட்டி கிடைக்கும், முதலில் அதை வாங்கு. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காதே, குழலுக்குள் முந்தைய ஈயப் பூச்சு இருக்கும், புதியது படிந்த பிறகுதான் உண்மை தெரியும். அதற்குப் பிறகு காற்றில்லாத காலையில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பார். ஒரு தடவை நெருக்கமாக விழுந்ததை நம்பாதே, திரும்பத் திரும்ப விழ வேண்டும்.

கையில் ஈயம் ஒட்டும். சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கழுவு. வாயில் பெல்லட்டை வைத்துக்கொண்டு சுடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதே.


ஜெலுத்தோங் ரவி எழுதியது:

எல்லாரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள், சட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

தம்பி, அங்கே லைசன்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சான்றிதழ் கட்டாயம். விடுமுறைக்கு எடின்பரோ பக்கம் காரில் போவீர்கள், பின்னால் துப்பாக்கிப் பை கிடக்கும், அது வேண்டாம். 18 வயது ஆனவர்தான் வாங்கலாம், கடைக்காரர் நேரில்தான் கையில் கொடுக்க வேண்டும். பண்ணையின் எல்லையைத் தாண்டி ரவை போனாலே குற்றம், வேலிக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாவிட்டாலும். பொதுச் சாலை ஓரத்திலும் எச்சரிக்கை வேண்டும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுடு, கல்லிலும் இரும்புக் கேட்டிலும் ஈயம் தெறித்துத் திரும்பும்.

முயலும் காட்டுப்புறாவும் ஒன்றல்ல. முயலுக்கு நில உரிமையாளர் அனுமதி போதும், சொல்லப்போனால் 1954 ஆம் ஆண்டின் சட்டப்படி முயலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பே நிலத்தில் இருப்பவருடையது. பறவை எல்லாமே 1981 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் வரும். காட்டுப்புறாவைப் பயிர் சேதத்துக்காகச் சுட அரசு ஒரு பொது உரிமம் வெளியிட்டிருக்கிறது, அதில் நிபந்தனைகள் உண்டு, வேறு வழிகளை முயன்று பார்த்திருக்க வேண்டும் என்பது போல. அண்ணனை அதை அரசாங்க இணையதளத்தில் எடுத்து, அந்த வருடத்துக்கு உரியதைப் படிக்கச் சொல். படிக்காமல் புறாவைத் தொடாதே.

கடைசியாக, நம் ஊர். மலேசியாவில் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் கன்னும் ஆயுதம்தான், விளையாட்டுப் பொருள் இல்லை. போலீஸ் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் பெரிய வில்லங்கம். ஆசையாகப் பழகிவிட்டு, திரும்பும்போது ஒரு உதிரிபாகம், ஒரு பழைய டப்பா பெல்லட் என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதே. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற நிலை வேண்டாம். அங்கே வாங்கியது அங்கேயே இருக்கட்டும். அதே மாதிரி, அங்கே முயல் சுட்ட பழக்கத்தில் இங்கே தோட்டத்தில் அணிலையோ புறாவையோ சுடலாம் என்றும் நினைக்காதே, 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கேட்காமல் எதுவும் கூடாது.


பட்டர்வொர்த்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ரவி அண்ணன் சொன்ன ஸ்காட்லாந்து விஷயம் அண்ணனுக்கே தெரியவில்லை, அப்படியே படித்துக் காட்டினேன்.

இதற்கிடையில் ஒரு புதுத் திருப்பம். பக்கத்துப் பண்ணைக்காரர் வயதாகிவிட்டது என்று தன் பழைய துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். ஸ்பிரிங் வகை, குழலை மடக்கி ஏற்றுவது, .22. கடையில் கொடுத்துச் சோதித்த சீட்டு இருக்கிறது, 14.3 கிரெய்ன் பெல்லட்டில் 11.4 அடி-பவுண்டு என்று. நான் காற்றுச் சிலிண்டர் வைத்த பிசிபி வாங்கலாம் என்று நினைத்திருந்தேன், ஆனால் சிலிண்டர், பம்பு எல்லாம் சேர்த்தால் செலவு எங்கேயோ போகிறது. இதையே எடுத்துக்கொள்ளலாமா? முயலுக்கு எங்கே குறிபார்க்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள்.


செந்தூல் வாசி எழுதியது:

எடுத்துக்கொள் தம்பி. .177 என்று நான் அவ்வளவு பேசியிருந்தாலும், நன்றாகப் பராமரித்த .22 கையில் வரும்போது காலிபரைக் காரணம் காட்டித் தள்ளிவிட வேண்டியதில்லை. மணி சொன்ன குச்சி யோசனை நல்ல யோசனை, அதைச் செய்.

ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கி வேறு ஜாதி. பிசிபியில் விசையை அழுத்தினால் காற்று போகும், துப்பாக்கி அசையாது. ஸ்பிரிங்கில் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து அடித்து நிற்கும், துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து உடனே முன்னால் இழுக்கும், ரவை குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அந்த ஆட்டம் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். முன் கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா படுக்க வை, விரலால் சுற்றிப் பிடிக்காதே, தோளில் லேசாகத் தொடட்டும், அது தன் இஷ்டத்துக்கு உதைக்கட்டும். மண் மூட்டை மேலோ கல்சுவர் மேலோ நேராக வைத்துச் சுட்டால் குறி மாறிவிடும், நடுவில் உன் கை இருக்க வேண்டும். ஸ்கோப்பும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கு, அந்த இரட்டை உதையில் மலிவான ஸ்கோப்புக்குள் இருக்கும் குறிக்கோடு கழன்றுவிடும்.

பெல்லட் எடையிலும் கவனம். ஸ்பிரிங் வகைக்கு மிகக் கனமானது ஆகாது, மிக லேசானதும் ஆகாது. 14 இலிருந்து 16 கிரெய்னுக்குள் தேடு. சீட்டில் 11.4 என்று இருப்பது அந்த 14.3 கிரெய்னுக்கு மட்டும்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் துப்பாக்கி பெரும்பாலும் லேசான பெல்லட்டில் கூடுதல் சக்தி காட்டும், பிசிபி கனமானதில் காட்டும். வேறு பெல்லட் போட்டு 12 ஐத் தாண்டினால் சட்டத்துக்கு முன்னால் குற்றவாளி துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான். போலீஸ் சோதித்தால் ஒரு பெல்லட்டோடு நிறுத்தமாட்டார்கள். அதனால் தமிழ்ச்செல்வி சொன்ன வகைகளில் உன் குழலுக்குப் பிடித்தது எது என்று கண்டதும், அதை வைத்து அதே கடையில் இன்னொரு முறை வேகம் பார்த்துச் சீட்டு வாங்கச் சொல் அண்ணனிடம்.

குறி எங்கே என்றால், முயல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவில். மூளை அங்கேதான். அந்த இடத்தின் அளவு நம் 50 சென் காசு அளவுதான். நெஞ்சில் சுடுவது பெரிய துப்பாக்கிக்காரர்கள் வேலை, 12 அடி-பவுண்டில் வேண்டாம். அது ஓடிக்கொண்டிருந்தால் சுடாதே, உன்னைப் பார்த்து முகத்தை நேராக வைத்திருந்தால் திரும்பும்வரை பொறு.

காகிதத்தில் 50 சென் காசை வைத்து வட்டம் வரைந்துகொள். வயலில் எப்படிச் சுடப் போகிறாயோ அப்படியே, மண்டியிட்டும் படுத்தும், வரிசையாகச் சுட்டுப் பார். எந்தத் தூரம் வரை ஒன்றுகூட வட்டத்துக்கு வெளியே போகவில்லையோ அதுதான் உன் தூரம். 22 மீட்டர் என்று வந்தால் 22 தான், குச்சியை அங்கே நடு. பெஞ்சில் வசதியாக உட்கார்ந்து 35 மீட்டரில் சுட்டேன் என்பதெல்லாம் முயல் முன்னால் கணக்கில் வராது, அங்கே மூச்சு வாங்கும், குளிரில் விரல் மரத்திருக்கும்.


பிரிக்பீல்ட்ஸ் மணி எழுதியது:

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். வசந்த காலத்தில் போகிறாய், அப்போது தாய் முயல் வளைக்குள் குட்டி வைத்திருக்கும். அவசரம் இல்லாத இடமாக இருந்தால் அந்த வாரங்களில் பால் கொடுக்கும் பெட்டை என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடு, பயிர் சேதம் எந்த வரப்பில் அதிகமோ அங்கே மட்டும் உட்கார். வளை வாயிலேயே உட்கார்ந்திருக்கும் முயலையும் சுடாதே, கொஞ்சம் தள்ளி மேய வரட்டும், அப்போதுதான் ஏதாவது தவறினாலும் உடனே இரண்டாவது ரவை போட முடியும்.

அந்த இரண்டாவது ரவையை எங்கே வைத்திருக்கிறாய் என்பதையும் இப்போதே பழகு. மடக்கி ஏற்றும் துப்பாக்கியில் அரையிருட்டில் டப்பாவைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது, தேடும்போது டப்பா கொட்டவும் செய்யும். சட்டைப் பையில் மெல்லிய துணிப் பைக்குள் பத்துப் பதினைந்து மட்டும் போட்டுக்கொள், பார்த்துப் பொறுக்கியவை. மீதி டப்பாவை வீட்டில் வை.


ஆயர் ஈத்தாம் தமிழ்ச்செல்வி எழுதியது:

பழைய துப்பாக்கி என்பதால் ஒன்று. கையில் வந்ததும் குழலைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பெல்லட் சோதனையைத் தொடங்க வேண்டும், முன்னவர் வருடக்கணக்கில் என்ன போட்டாரோ. இரும்புக் கம்பியை உள்ளே விடாதே, நூலில் கட்டிய துணியைக் குழலின் பின்பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுத்தாலே போதும், துணி சுத்தமாக வரும்வரை. ஸ்பிரிங் வகையில் காற்று வரும் துளைக்குள் எண்ணெய் விடவே கூடாது, அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிக்கும், வேகம் தாறுமாறாக ஏறும், உள்ளே இருக்கும் சீலும் போய்விடும்.

பெல்லட்டைக் கட்டை விரலால் உள்ளே தள்ளும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தானாக விழுந்தால் தலை அளவு சிறியது, 5.51 போட்டிருந்தால் 5.52 போட்டுப் பார். அழுத்தி அழுத்தித்தான் போகிறது என்றால் ஒரு அளவு இறங்கு. சோதனைக் காகிதங்களில் எந்த டப்பா, எத்தனை மீட்டர், காற்று எப்படி என்று ஓரத்தில் எழுதி வைத்து, படம் எடுத்து இங்கே போடு தம்பி, பார்த்துச் சொல்கிறோம்.